புரட்சித் துண்டுப் பிரசுரங்கள்: யார் படிக்க வேண்டும் என்று எழுதினார்கள்?

கரிசல்வாசகி:
1905க்கும் 1935க்கும் இடையில் வெள்ளை அரசாங்கம் தடை செய்த துண்டுப் பிரசுரங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. 1911 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரத்துக்கு 59 பேர். பெண்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர்தான். இங்கிலீஷ் தெரிந்தவர்களை எண்ணவே வேண்டாம். அப்படியிருக்க, பிடிபட்டால் ஜெயில் என்று தெரிந்தும் ஒரு தாளை ராத்திரியில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்களே, அது யார் கையில் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தார்கள்? பார்க்கிற புத்தகமெல்லாம் "மக்களைத் தட்டி எழுப்ப" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எந்த மக்களை? நீளமாக எழுதினாலும் படிப்பேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மௌனசாமி:
போலீசுக்காக எழுதினார்கள். கேலி இல்லை. சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது, அவர்கள் சுதேசப் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்து வாராவாரம் இங்கிலீஷில் சுருக்கம் எழுதி மேலே அனுப்பினார்கள். சந்தாதாரர்களே அரைகுறையாகப் புரட்டிய பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிரத்தையாகப் படித்த வாசகர் அந்த மொழிபெயர்ப்பாளர்தான். எழுதியவர்களுக்கும் இது தெரியும். மீதி எல்லாம் நாமே பின்னால் கட்டிக்கொண்ட கதை.

நூலகப்பூச்சி:
மௌனசாமி சார் சொல்வதில் பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 59ஐப் பார்ப்போம். அந்த எண் தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கக்கூடியவர்களின் கணக்கு. அந்தக் காலத்தில் படிப்பது என்பதே பெரும்பாலும் உரக்கப் படிப்பது. திண்ணையில் ஒருவர் பாரதம் வாசிக்க ஊரே கேட்ட பழக்கம் இருந்த இடத்தில், பத்திரிகை வந்ததும் அதே திண்ணையில் அதே ஆள் பத்திரிகையை வாசித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே எழுதுகிறவன் மனதில் இரண்டு பேர் இருந்தார்கள்: தாளைக் கையில் வாங்குகிறவன் ஒருவன், அவன் வாயிலிருந்து கேட்கிறவர்கள் மற்றவர்கள். இந்த இருவரில் யாரை நோக்கி எழுதினான் என்பதைப் பிரசுரத்துக்குப் பிரசுரம் தனித்தனியாகத்தான் சொல்ல முடியும். "மக்கள்" என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது.

இதற்கு நல்ல உதாரணம் 1906, 1907 கல்கத்தா. ஒரே நகரம், ஒரே அரசியல், மூன்று பத்திரிகை. விபின் சந்திர பாலும் அரவிந்தரும் நடத்திய "வந்தே மாதரம்" இங்கிலீஷில் வந்தது. அது வங்காளத்துக்கு வெளியே இருந்த படித்தவர்களுக்கு, சென்னை வக்கீலுக்கும் பூனா வாத்தியாருக்கும் போய்ச்சேர. அரவிந்தரின் தம்பி பாரீந்திரர் குழு தொடங்கிய "யுகாந்தர்" நேரடியான வங்காளத்தில், கல்லூரிப் பையன்களைக் குறிவைத்து வந்தது. 1907இல் ஏழாயிரம் பிரதி போனதாக, புரட்சி இயக்கங்களை விசாரிக்க அரசாங்கம் பின்னால் போட்ட ரௌலட் கமிட்டியின் அறிக்கையே சொல்கிறது. மூன்றாவது பிரம்மபாந்தப் உபாத்யாயரின் "சந்தியா". இது தெருவில் பேசுகிற வங்காளம், வசவும் பழமொழியும் கேலியும் கலந்தது, கடைக்காரன் காதில் விழுந்தால் சிரிப்பான். தத்துவம் படித்த சந்நியாசி அவர், வேண்டுமென்றே அப்படி எழுதினார். ராஜத்துரோக வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1907இல் இறந்துபோனார். ஒரே செய்தியை மூன்று விதமாக எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போலீசுக்காக மட்டும் என்றால் ஒரு மொழி போதுமே சார்?

மௌனசாமி:
மூன்று பத்திரிகையையும் மொழிபெயர்ப்பாளர்தானே படித்தார் :) சரி, பத்திரிகை வேறு, ரகசியப் பிரசுரம் வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றி.

தாமிரபரணி:
ரகசியப் பிரசுரம் என்றால் நம்ம ஊர்க் கதையைச் சொல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு முன் நூறு வருஷம் பின்னால் போகிறேன். 1801 ஜூன் மாதம் சின்ன மருது பெயரில் திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்ட அறிக்கை இருக்கிறதே, அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். யார் படிக்க வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகத் தனக்குள்ளேயே எழுதிவைத்த அறிக்கை வேறு கிடைப்பது கஷ்டம். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று வரிசையாகக் கூப்பிடுகிறது. அப்புறம் கம்பெனிப் படையில் வேலை பார்க்கும் சுபேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய்களைத் தனியாகக் கூப்பிட்டு, மீசை வைத்தவர்களின் ரோஷத்தைக் கிளறுகிறது. ஒட்டிய இடத்தைப் பாருங்கள்: ஒன்று அதிகாரம் இருக்கும் வாசல், இன்னொன்று எல்லா ஊர்க்காரர்களும் வந்துபோகும் கோயில்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. பார்க்கிறவர்கள் இதைப் பிரதி எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும். எடுக்காதவனுக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம், முஸ்லிமாக இருந்தால் பன்றி ரத்தம் குடித்த பாவம். சுவரிலிருந்து கிழிப்பவனுக்குப் பஞ்சமாபாதகம். அச்சகம் இல்லாதவன் வாசகனையே அச்சகமாக்கிவிட்டான். படித்து முடிப்பவன் எழுத்தராகவும் தபால்காரனாகவும் ஆக வேண்டும். கரிசல்வாசகி கேட்டது "யார் படிக்க" என்று. இங்கே பதில், "அடுத்தவனுக்குக் கொண்டுபோகக் கூடியவன்".

கரிசல்வாசகி:
இந்தச் சாபப் பகுதியை நான் கவனித்ததே இல்லை. "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று இன்று கைபேசியில் வருவதற்குப் பாட்டன் போலிருக்கிறது. ஆனால் 1801 ஒரு பாளையக்காரரின் அறிக்கை, படை இருந்தவர் எழுதியது. படை இல்லாத 1911 ஆட்கள்?

தாமிரபரணி:
வருகிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சி சுட்டுக் கொன்றது. எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வழக்கில் இரண்டு பிரசுரங்கள் பேசப்பட்டன. ஒன்று "ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்", அதாவது நெருங்கியவர் சொல்லும் அறிவுரை. இரண்டாவது அபிநவ பாரத சமாஜம் என்ற ரகசியச் சங்கத்தில் சேர எடுக்க வேண்டிய பிரமாணம். அச்சகத்தின் பெயர் என்று போட்டிருந்தது "பிரங்கி நாசினி பிரஸ்". 1867 சட்டப்படி எந்த அச்சுத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருந்தாக வேண்டும். அந்த விதியை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்று, வெள்ளையனை ஒழிக்கும் அச்சகம் என்று போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் மௌனசாமி சொன்ன வாசகர் இருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். அந்த வரி போலீசுக்குப் போட்ட வரிதான்.

ஆனால் இரண்டாவது தாளைப் பாருங்கள். அது வாதம் செய்யவில்லை, யாரையும் மாற்றப் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சபதம் அது. ஏற்கெனவே பாதி வந்துவிட்டவனை முழுசாக உள்ளே இழுத்துப் பூட்டுவதற்கான தாள். அதற்கு ஆயிரம் வாசகர் வேண்டாம், ஒரு அறையில் நாலு பேர் போதும். அந்த வழக்கின் முக்கியக் குற்றவாளியாக நின்ற நீலகண்ட பிரம்மச்சாரி தெற்கே சுற்றி ஆள் சேர்த்த விதத்தோடு இது அப்படியே பொருந்தும். அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் 14 பேர், அவர்களில் சமையல்காரரும் உண்டு, காய்கறி வியாபாரியும் உண்டு. வாஞ்சி புனலூர்க் காட்டிலாகாவில் குமாஸ்தா. வக்கீல்களும் மிட்டாதார்களும் இல்லை பாருங்கள். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த, இங்கிலீஷில் மேலே போக முடியாத, இருபதுகளில் இருந்த ஆண்கள். பிரசுரம் தேடியது இவர்களைத்தான் என்பது என் கணிப்பு.

அப்புறம் வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம். ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஐந்து நாள் முன்னால், மூவாயிரம் மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறோம் என்கிறது அது. சாகப் போகிறவன் பையில் இருக்கும் தாளை முதலில் எடுப்பது போலீஸ். மூவாயிரம் என்ற எண் அவர்களுக்காக. பின்னால் கோர்ட்டில் வாசிக்கப்பட்டு, பத்திரிகையில் வந்து, ஊருக்குப் போய்ச்சேரும். ஆகவே மௌனசாமி சார், போலீஸ் கடைசி வாசகன் இல்லை, நடுவில் நிற்கும் வாசகன்.

ஒருபைசா:
இவ்வளவு பேசினீர்கள், தலைப்பைத் தாண்டிப் போய்விட்டீர்களே. "ஆரியர்களுக்கு" ஆப்த வாக்கியம். மருதுவின் 1801 அறிக்கையிலும் நாலு வருணமும் முஸ்லிமும் வந்தாயிற்று, அதற்கு வெளியே இருந்தவன்? வாஞ்சி கடிதத்தில் கோமாமிசம் தின்னும் மிலேச்சன் என்று மன்னரைத் திட்டியிருக்கிறது. மாட்டுக்கறி தின்பவர்கள் இந்த மண்ணிலேயே லட்சக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் காதில் அந்த வரி எப்படி விழும்? எழுதியவர்களுக்கு அந்தக் காது நினைவிலேயே இல்லை என்பதுதான் விஷயம். யாருக்காக எழுதினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க, யாரைக் கூப்பிடவில்லை என்பதிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

கூப்பிடப்படாதவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. அயோத்திதாசர் 1907 ஜூனில் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார், பெயரே "ஒரு பைசாத் தமிழன்". விலையைப் பெயரிலேயே போட்டுவிட்டார், யார் வாங்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. மறு வருஷம் "தமிழன்" ஆயிற்று. சுதேசிக்காரர்களை அவர் அதில் கேள்வியாகக் கேட்டார்: சாதியை வைத்துக்கொண்டு என்ன சுயராஜ்யம் என்று. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வரை அந்தப் பத்திரிகை போயிற்று. புரட்சிப் பிரசுரம் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

தாமிரபரணி:
"ஆரிய" என்பதை அப்போது பாரதி உட்படப் பலரும் இந்தியர் என்ற பொருளில்தான் எழுதினார்கள். 1925க்கு அப்புறம் சுயமரியாதை இயக்கத்தோடு பரவிய, பிராமணர் என்ற அர்த்தத்தை 1911இல் ஏற்றிப் படிக்கக் கூடாது.

ஒருபைசா:
ஏற்றவில்லை அண்ணே. எழுதியவன் எந்தப் பொருளில் எழுதினான் என்று நான் கேட்கவில்லை. 1911இல் கேட்டவன் காதில் எந்தப் பொருளில் விழுந்தது என்று கேட்கிறேன். அயோத்திதாசரைப் படித்தவன் காதில் அது "இந்தியர்" என்று விழுந்திருக்காது. ஆஷ் கொலை நடந்த சமயத்தில் "தமிழன்" அதைக் கண்டித்து எழுதியது. அதே மாகாணம், அதே மொழி, அதே வருஷம்.

நூலகப்பூச்சி:
இந்த விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது, மூட்டை கட்டிவிடாதீர்கள். பாரதி பெயர் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். "இந்தியா" வாரப் பத்திரிகையின் சந்தா விவரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அரசாங்கத்தாருக்கு வருஷம் 50 ரூபாய், ஜமீன்தார் ராஜாக்களுக்கு அதைவிடக் குறைவு, நல்ல சம்பளக்காரர்களுக்கு இன்னும் குறைவு, மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய். முழுக் குசும்பு, ஆனால் வாசகர்களைப் பற்றிய அவர் கணக்கும் அதில் இருக்கிறது. அரசாங்கமும் படிக்கும், படிக்கட்டும், காசு கொடுத்துப் படிக்கட்டும் என்கிறார். மௌனசாமி சாரின் போலீஸ் வாசகனுக்குப் பாரதி விலையே நிர்ணயித்துவிட்டார்! கார்ட்டூன் போட்டதும் அதே கணக்குத்தான், படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்ப்பான்.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. 1907இல் பாரதியின் தேசப் பாட்டுகள் சிலவற்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் தன் செலவில் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அவர் யார்? மிதவாதி, பெரிய வக்கீல், பின்னால் ஹைகோர்ட் ஜட்ஜ். பாரதி தன் பத்திரிகையில் வறுத்தெடுத்த கட்சிக்காரர். ஆனாலும் பாட்டைக் கேட்டு மயங்கி அச்சிட்டார். பாரதி இறந்து ஏழு வருஷம் கழித்து 1928இல் பர்மா அரசாங்கம் பாரதி பாடல்களைத் தடை செய்ய, சென்னை அரசாங்கமும் பின்னாலேயே போய்ப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி பெரிய சண்டையே போட்டார். 1907இல் ஒரு கனவான் காசு போட்டு விநியோகித்த கவியை 1928இல் போலீஸ் மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. கவிதை அப்படியேதான் இருந்தது. நடுவில் ஒத்துழையாமை வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் முதல் கள்ளுக்கடை மறியல் செய்தவர் வரை அதைப் பாடத் தொடங்கியிருந்தார்கள். யார் வாயில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அரசாங்கம் ஒரு பிரசுரத்தை அளந்தது.

செல்விமை:
பூச்சி சார் சொன்ன "வாயில் இருக்கிறது" என்ற இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் எல்லோரும் பிரம்மாண்டமான தலைவர்களின் தாள்களையே பேசுகிறீர்கள். உண்மையில் ஜனங்கள் கைக்குப் போனது பாட்டுப் புத்தகம். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் ஆரம்பித்த வழக்கம், எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ மட்டமான காகிதம், காலணா அரையணா விலை. சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் விற்பவர் முதலில் பாடிக் காட்டுவார், கூட்டம் சேரும், பிறகு விற்பார். கொலைச் சிந்தும் வெள்ளச் சிந்தும் விற்ற அதே ஆள் 1931இல் பகத்சிங் தூக்குச் சிந்து விற்றார். காந்தி பாட்டும் பகத்சிங் பாட்டும் ஒரே கையில் இருக்கும். வாங்குகிறவருக்கு அகிம்சையா ஆயுதமா என்ற சண்டையெல்லாம் கிடையாது.

மெட்டைக் கவனியுங்கள். ஏற்கெனவே நாடகத்தில் கேட்ட மெட்டில்தான் போட்டிருப்பார்கள், "இன்ன பாட்டு மெட்டு" என்று மேலே ஒரு வரி இருக்கும். மெட்டுத் தெரிந்தவனுக்கு வார்த்தை ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புத்தகத்தைப் பறிமுதல் செய்து என்ன பிரயோஜனம்? 1931 பத்திரிகை அவசரச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட குட்டிப் புத்தகங்கள் ஏகப்பட்டவை தடை செய்யப்பட்டன. நாடகத்தில் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் வந்து "வெள்ளைக் கொக்கு பறக்குதடி" என்று பாடினால் கொக்கு யார் என்று கொட்டகை முழுக்கத் தெரியும். அவரைக் கைது செய்யப் போலீஸ் மேடைக்கே வரும். இங்கே எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே ஆயிரத்துக்கு 59 என்ற கணக்கு இந்த வகைக்கு ஒத்துவராது.

மௌனசாமி:
பாட்டுப் புத்தகம் வியாபாரம் அம்மா. விற்றால் பகத்சிங், விற்காவிட்டால் அல்லி அரசாணி மாலை. அதைப் புரட்சிப் பிரசுரம் என்று எப்படிச் சொல்வது?

செல்விமை:
வியாபாரம்தான், அதனால்தான் அது நல்ல சாட்சி. லட்சியவாதி தன் மனதில் இருக்கும் வாசகனுக்கு எழுதுவார், அந்த வாசகன் நிஜத்தில் இல்லாமலும் போகலாம். அரையணாப் புத்தகம் போடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, ஆள் இல்லாத இடத்தில் சரக்கு இறக்கமாட்டார். பகத்சிங் பாட்டு விற்றது என்றால் வாங்க ஆள் இருந்தது என்று அர்த்தம்.

கடல்தபால்:
தாமதமாக வருகிறேன். யாருக்காக என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதில் உள்ள பிரசுரங்கள் கதர் கட்சியுடையவை. 1913 நவம்பர் முதல் தேதி சான்பிரான்சிஸ்கோவில் உருதுவில் முதல் இதழ். அடுத்த மாதமே குர்முகியில் பஞ்சாபிப் பதிப்பு. அதை நடத்திய ஹர்தயாள் ஆக்ஸ்போர்டில் படித்தவர், இங்கிலீஷில் எழுதினால் அமெரிக்கப் பேராசிரியர்கள் பாராட்டியிருப்பார்கள். ஆனால் வாசகர்கள் கலிபோர்னியா பண்ணைகளிலும் ஆரிகன் மர அறுவை ஆலைகளிலும் வேலை பார்த்த பஞ்சாபி விவசாயிகள், அவர்களில் பலர் பட்டாளத்தில் இருந்தவர்கள். அவர்களுக்காகப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது, ஆள் தேவை என்று. வேலை கலகம் செய்வது, சம்பளம் மரணம், பரிசு உயிர்த்தியாகம், ஓய்வூதியம் சுதந்திரம், வேலை செய்யும் இடம் இந்தியா. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பென்ஷன் என்ற வார்த்தை ஒரு முன்னாள் சிப்பாய்க்கு எப்படிச் சுருக்கென்று தைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரி மாணவனுக்கு அது வெறும் அலங்காரம்.

"கதர் தி கூஞ்ச்" என்ற பாட்டுத் தொகுப்பும் அவர்களுடையதுதான், முகாமில் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பதற்கு. அங்கிருந்து ஹாங்காங், சிங்கப்பூர், ரங்கூன் என்று சீக்கியப் போலீசும் படையும் இருந்த துறைமுகங்களுக்குத் தபாலில் போயிற்று. பிரிட்டிஷார் கடல் சுங்கச் சட்டத்தை வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஐந்தாம் காலாட்படை கலகம் செய்ததில் கதர் தாள்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மருது அறிக்கையில் சுபேதார், ஹவில்தார் என்று பதவி சொல்லிக் கூப்பிட்டதாகத் தாமிரபரணி எழுதியிருந்தார், 114 வருஷம் கழித்தும் அதே சிப்பாயைத்தான் தேடியிருக்கிறார்கள். ஆள் பலம் அங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் லண்டனில் இருந்த இந்தியப் புரட்சிக்காரர்கள். 1910க்கு முன்னால் "இந்திய அரசர்களே, தேர்ந்தெடுங்கள்" என்ற பொருளில் ஒரு பிரசுரம் சமஸ்தான ராஜாக்களுக்கே அனுப்பப்பட்டது. இத்தாலியை ஒன்றுசேர்க்க அங்கே ஒரு மன்னர் முன்னால் நின்ற மாதிரி இங்கேயும் யாராவது நிற்கமாட்டார்களா என்ற நப்பாசை. இதைப் படித்து எந்த ராஜாவும் சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லை. ஆள் தெரியாமல் எழுதினால் இப்படித்தான்.

கரிசல்வாசகி:
எல்லாம் சரி, அப்படியானால் பகத்சிங் குழு ஏன் இங்கிலீஷில் போட்டது? 1929 ஏப்ரல் 8 டில்லி சட்டசபையில் குண்டோடு வீசிய தாள் இங்கிலீஷ். 1925 ஜனவரியில் வட இந்திய ஊர்களில் எல்லாம் பரப்பிய "தி ரெவல்யூஷனரி" அறிக்கையும் இங்கிலீஷ். தொழிலாளி விவசாயி என்று அதிகம் பேசியவர்கள் அவர்கள்தானே?

நூலகப்பூச்சி:
நல்ல கேள்வி. 1925 தாளுக்கும் 1929 தாளுக்கும் ஒரே பதில் பொருந்தாது. 1925 அறிக்கை நாலு பக்கம், வங்காளத்திலிருந்து பஞ்சாப் வரை ஒரே கட்சி ஒரே நேரத்தில் பேசுகிறது என்று காட்டுவதற்கு. வங்காளி, இந்தி, பஞ்சாபி என்று மூன்றாகப் பிரித்தால் அந்த விளைவு கிடைக்காது. அந்தக் காலத்தில் மாகாணம் தாண்டிய படித்த இளைஞனுக்குப் பொது மொழி இங்கிலீஷ்தான். ஒத்துழையாமை நின்றுபோய் சோர்ந்துகிடந்த மாணவனைப் பிடிப்பதுதான் நோக்கம்.

1929 வேறு. அந்தத் தாள் கீழே இருந்த உறுப்பினர்கள் மேல் விழுந்தது, ஆனால் அது போக வேண்டிய இடம் பத்திரிகையாளர் மாடம். அன்று சாயங்காலமே டில்லிப் பத்திரிகையில் முழு வாசகமும் வந்துவிட்டது. தமிழிலோ இந்தியிலோ இருந்திருந்தால் தந்தியில் ஏற்றி நாடு முழுக்கப் போக நாலு நாள் ஆகியிருக்கும். செவிடர்களுக்குக் கேட்க உரத்த குரல் வேண்டும் என்று அதில் இருக்கிறதே, செவிடர் யார் என்றால் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், கேட்க வேண்டியவர்கள் வெளியே இருந்தவர்கள். அதற்கப்புறம் கோர்ட்டையே அச்சகமாகப் பயன்படுத்தினார்கள், அங்கே சொல்வதைப் பத்திரிகைகள் போட முடிந்ததால். 1930 ஜனவரி 26 அன்று வந்த "வெடிகுண்டின் தத்துவம்" மட்டும் உண்மையிலேயே ஒரே ஒரு வாசகரைப் பார்த்து எழுதியது. காந்தி தன் பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்குப் பதில். ஊருக்கு முன்னால் வைத்துக் கொடுத்த பதில் என்பதால் காங்கிரஸ் இளைஞர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

ஒருபைசா:
ஒரு கொசுறு. பகத்சிங்கின் "நான் ஏன் நாத்திகன்" 1931 செப்டம்பரில் லாகூர் பத்திரிகையில் இங்கிலீஷில் வந்தது. இதை ஜீவா தமிழில் மொழிபெயர்க்க, ஈரோட்டில் பெரியார் குடும்பத்தார் வெளியிட்டார்கள். ஜீவாவையும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தது அரசாங்கம். இங்கிலீஷ் கட்டுரை லாகூரில் படித்தவர்களிடம் இருந்தவரை ஒரு மாதிரி, தமிழில் சுயமரியாதைக் கூட்டத்தில் விற்க ஆரம்பித்ததும் வேறு மாதிரி. கடவுள் இல்லை என்று கேட்பதற்கு அங்கே தயாராக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது, அதில் பகத்சிங் வந்து சேர்ந்தார். எழுதியவர் கனவிலும் நினைக்காத வாசகர்கள் இவர்கள்.

மௌனசாமி:
சரி, போலீஸ் மட்டும்தான் வாசகர் என்ற என் கட்சியை இனிமேல் பிடித்துத் தொங்க முடியாது போலிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தாள்களில் பாதி இன்று லண்டனிலும் டில்லியிலும் கிடைப்பது போலீஸ் பிடித்து வைத்ததால்தான். பிடிபடாதது பழைய பேப்பரோடு போய்விட்டது. அப்படியானால் நாம் பேசுவதெல்லாம் பிடிபட்ட தாள்களை வைத்துத்தான், பிடிபடாமல் நன்றாக வேலை செய்த தாள் எப்படி இருந்தது என்று நமக்குக் காட்ட ஆளில்லை.

கரிசல்வாசகி:
இது எனக்கு நிறைய யோசனையைக் கொடுக்கிறது. எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி: இத்தனை பதிவிலும் பெண் வாசகர் வரவே இல்லை. ஆயிரத்துக்குப் பத்து என்று நான்தான் தொடங்கினேன். பெண்களுக்கென்று யாருமே எழுதவில்லையா?

கடல்தபால்:
எழுதினார்கள். புரட்சி என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த இழைக்குப் பொருத்தம். 1905 வங்கப் பிரிவினையின்போது ராமேந்திர சுந்தர் திரிவேதி "வங்கலட்சுமி விரத கதை" என்று ஒன்று எழுதினார். அவர் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். பிரிவினை அமலான அக்டோபர் 16 அன்று வீடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒரு அனுஷ்டானம் வைத்தார்கள், அன்றைக்குப் பெண்கள் கூடி உட்கார்ந்து கேட்பதற்கான விரதக் கதை இது. லட்சுமி வங்காளத்தை விட்டுப் போகப் பார்க்கிறாள், அவளை நிறுத்தி வைக்க அந்நியச் சரக்கை வாங்கமாட்டோம் என்று நோன்பு எடுக்க வேண்டும். நடை முழுக்கப் பாட்டி கதை நடை. படிக்கத் தெரிந்த ஒருத்தி வீட்டில் இருந்தால் போதும். இதில் இன்னொரு வசதி, பொதுக்கூட்டம் என்றால் போலீஸ் குறிப்பெழுத ஆள் அனுப்பும், வீட்டுக்குள் நடக்கும் நோன்புக்கு யாரை அனுப்பும்? சேலை, வளையல், உப்பு, சர்க்கரை எது வாங்குவது என்பதில் பெண்கள் பேச்சுக்கு எடை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செல்விமை:
தமிழில் இதற்கு ஈடாகத் தேட வேண்டுமென்றால் கும்மி மெட்டில் வந்த தேசியப் பாட்டுகளையும் ராட்டைப் பாட்டுகளையும் பாருங்கள் கரிசல்வாசகி. அட்டையில் "பெண்கள் பாடத்தக்கது" என்று போட்டவை எவை, போடாமலே பெண்கள் பாடியவை எவை என்று பிரித்துப் பார்த்தால் தனியாகவே ஒரு இழை ஓட்டலாம். நீங்கள் தொடங்குங்கள், என்னிடம் இருக்கும் பட்டியலை அங்கே போடுகிறேன்.